விரல் இருக்கும்வரை

“பட்டனை அழுத்தினவங்க கையை எடுக்க மறந்துட்டா, அது எப்பம்மா தூங்கும்?” என்று மகள் ஒருமுறை கேட்டாள். அம்மா அப்போது வீட்டுக் கணினியில், ஆலை இயந்திரங்களை இயக்கும் புதிய தொடுதிரைக்குப் பட்டன்கள் வரைந்துகொண்டிருந்தாள். “தூங்காதுடி, முழிச்சுக்கிட்டே இருக்கும்” என்று சிரித்தாள்.

இன்று, ஆலையின் ஜன்னலில்லாத கட்டுப்பாட்டு அறையில், தான் சொன்ன அந்தப் பதில் அவள் நெஞ்சை உறுத்தியது.

மென்பொருளில் ஒரு பட்டனுக்கு இரண்டு வகைக் குணம் வைக்கலாம்: ‘ஒருமுறை அழுத்தினால் போதும்’ அல்லது ‘விரல் இருக்கும்வரை மட்டும்’. கழிவுநீர்த் தொட்டிக்குள் நல்ல காற்றைச் செலுத்தும் ஃபேனுக்கு முதலாவதைத் தேர்ந்து சேமித்தாள். திரும்பத் திறந்தால் இரண்டாவது இருந்தது. மாற்றினாள். மறுபடியும் இரண்டாவது.

ஆலையில் எல்லோரும் பெரியண்ணன் என்று கூப்பிட்ட பழைய ஆபரேட்டரின் உயிரைக் குடித்தது அந்த இரண்டாவது குணம்தான். மின்சாரத்தை மிச்சம்பிடிக்கப் பழைய திரையில் யாரோ அப்படி வைத்திருந்தார்கள். தொட்டிக்குள் சென்சார் பார்க்க இறங்கிய அவள் மயங்கி விழுந்த அன்று, இங்கே பணியிலிருந்த அவர் ஃபேன் பட்டனில் வைத்த விரலை எடுக்கவில்லை. விஷவாயு இந்த அறைக்குள் ஏறியபோதும் எடுக்கவில்லை. அவளை வெளியே தூக்கிக் கிடத்திய பிறகுதான் அவர் நினைவு மற்றவர்களுக்கு வந்தது. விளக்கேற்றும்போதெல்லாம் அவருக்காகவும் ஒரு வார்த்தை வேண்டிக்கொள்வாள். அது போதாது என்று அவளுக்குத் தெரியும்.

பராமரிப்புக்காக ஆலை முழுவதும் நின்றிருந்த அந்தப் பிற்பகலில், தன் மூச்சைத் தவிர வேறெதுவும் கேட்கக்கூடாத அமைதிக்கு அடியிலிருந்து ஒரு ரீங்காரம் மெல்லக் கிளம்பி, தரை வழியாக நாற்காலிக் காலில் ஏறி, அவள் முதுகெலும்பைத் தொட்டது. கூடவே கிராம்பு வாசனை. பெரியண்ணன் ஓயாமல் கிராம்பு மெல்லுவார்.

வாக்கி-டாக்கி கரகரத்தது. தொட்டி வேலைக்கு வந்த எலெக்ட்ரீஷியன். “ஃபேன் போட்டதுக்கு தேங்க்ஸ் மேடம். உள்ள காத்து ஜம்முனு வருது.”

“நான் சொல்ற வரைக்கும் இறங்காதேன்னேன்ல!”

“ரெண்டு நிமிஷ வேலை. எங்க வீட்டம்மா மாதிரியே கத்துறீங்களே!”

அவள் ஃபேனைப் போடவில்லை.

சுவரில் பொருத்திய புதிய திரையை நோக்கி மெதுவாகத் திரும்பினாள். பட்டன் உள்ளே அமுங்கியிருந்தது. பச்சையாக. அதன் நடுவே ஒரு விரல் ரேகை. துணியால் துடைத்தாள். போகவில்லை. இன்னும் அழுத்தித் துடைத்தாள்.

அது கண்ணாடிக்கு உட்புறம் இருந்தது.

ரேகை நடுங்கியது. விளிம்புகள் கரைந்தன. ஃபேன் திணறியது.

“மேடம்...” இருமல். “காத்து நின்னு நின்னு...” மறுபடி இருமல்.

கால்கள் கதவைத் தேடின. ஓடிவிடலாம். ஓடினால் அவன் செத்துப்போவான். கடவுளே.

கத்தி பட்டு நுனியில் சாய்வாகத் தழும்பேறிய தன் ஆள்காட்டி விரலை அந்த ரேகையின் மேல் வைத்தாள். பனிக்கட்டிபோல இருந்தது.

“விடுங்கண்ணா. நான் பிடிச்சுக்கிறேன்.”

மறுபக்கத்தில் ஏதோ ஒன்று அவள் விரலை லேசாக அழுத்தியது. தட்டிக்கொடுப்பதைப்போல. பிறகு விலகியது.

ஃபேன் சீராக ஓடியது.

“ஏறு. இப்பவே!”

இரும்பு ஏணி அதிர்ந்தது. விரல் மரத்தது. அவள் எடுக்கவில்லை.

“வெளிய வந்துட்டேன் மேடம். தலை சுத்துது.”

“அங்கேயே உட்காரு. நல்லா மூச்சை இழுத்து விடு.” வேறெதுவும் அவனிடம் சொல்லவில்லை. என்றைக்கும் சொல்லப்போவதில்லை.

கிராம்பு வாசனை வாசல்வரை போய்த் தேய்ந்து மறைந்தது. அவள் கண்ணை மூடிக் கும்பிட்டாள். “போயிட்டு வாங்கண்ணா” என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டாள்.

கண்ணைத் திறந்தாள். கை திரையைவிட்டு வந்திருந்தது. ரீங்காரம் நிற்கவில்லை.

பட்டன் இன்னும் அமுங்கியே இருந்தது. பெரியண்ணனின் ரேகை அங்கே இல்லை. அந்த இடத்தில் வேறொன்று, கண்ணாடிக்கு உட்புறம், சாய்வான தழும்போடு.

விரலைத் திருப்பிப் பார்த்தாள். நுனி வழவழவென்றிருந்தது. ஒரு கோடுகூட இல்லை.