உப்பளத்தில் எடுத்த படங்கள்

அகிலாவைப் படம் எடுப்பது பஞ்சுவுக்குப் பெரும்பாடு. பொத்தானை அழுத்துகிற நொடியில் சரியாகக் கண்ணை மூடிக்கொண்டுவிடுவாள். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை, உப்பளத்தில் இரண்டாவது பிலிம் சுருளைப் போட்ட பிறகு, அவள் ஒருமுறைகூடக் கண் சிமிட்டவில்லை.

பஞ்சுவுக்கு அதில் சந்தோஷம்தான்.

அது அறுபத்துமூன்றாம் வருஷத்து மழைக்காலம். மாதுங்காவில் குடியிருந்து, கோட்டைப் பகுதியில் ஒரு ஆபீசுக்கு தினமும் ரயிலேறிப் போய்வருகிற குமாஸ்தா அவன். கேமரா ஒன்றுதான் அவனுக்கு இருந்த பைத்தியம். வெயிலில் சிரிக்கிற குழந்தையை யார் வேண்டுமானாலும் எடுத்துவிடலாம். வானமும் தண்ணீரும் ஒரே சாம்பலாகக் கிடக்க, நடுவே தனியாக, சிரிக்காமல் நிற்கும் ஒரு ஏழு வயது முகம்தான் அவனுக்கு வேண்டியிருந்தது. அதற்காகவே மகளைக் கூட்டிக்கொண்டு, செம்பூர் போகும் பஸ்ஸில் ஏறி, உப்பளத்துக்குப் பக்கத்தில் இறங்கினான். மழைக்காலத்தில் அங்கே வேலையும் கிடையாது, ஆளும் கிடையாது. பாத்திகளெல்லாம் முழுகி, வரப்புகள் மட்டும் கறுப்புக் கோடுகளாகத் தெரிந்தன. அழுகிய பாசியும் உப்பும் கலந்த வாடை நாக்கில் வந்து ஒட்டியது.

"உம்முன்னு இரு கண்ணா. அசையப்படாது."

"கால் வலிக்கறதுப்பா."

"இன்னும் கொஞ்சம்தான்."

முதல் சுருள் முடிந்தது. வெளிச்சம் படாமல் மாற்றுவதற்காக, அவளுக்கு முதுகைக் காட்டிக் குடை நிழலில் குந்திக்கொண்டான். அதுவரை விடாமல் கத்திக்கொண்டிருந்த தவளைகள் சட்டென்று அடங்கின. பின்னால் ஏதோ தண்ணீரில் நழுவுகிற சத்தம் கேட்டது. 'அப்பா' என்று கூப்பிட்ட மாதிரியும் இருந்தது. பிலிம் நுனி கையிலிருந்து வழுக்கிக்கொண்டிருந்தது.

"இரு கண்ணா, ஆச்சு" என்றான், திரும்பாமலே.

திரும்பியபோது, அவன் நிற்க வைத்த வரப்பில், வைத்தபடியே நின்றுகொண்டிருந்தாள். முகத்தில் அவன் தேடித் திரிந்த அந்தச் சாம்பல் அமைதி. கால் வலி என்ற பேச்சே இல்லை. சுருள் தீரும்வரை எடுத்தான்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி விசாலாக்ஷி துண்டை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள்.

"ஏன்னா, கொழந்தையை இப்படியா மழைல நனைய விடுவா?"

அகிலாவின் வெள்ளைக் கவுனிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பஸ்ஸில் வரும்போதும் அப்படித்தான் சொட்டியதா என்று பஞ்சுவுக்கு நினைவில்லை. ஆனால் அன்று மழை பெய்யவே இல்லை.

"வாயத் தொறந்து ஒரு வார்த்தை பேச மாட்டேங்கறா. தொடைக்கத் தொடைக்க ஈரமா வரதுன்னா. கவுனை மாத்தியும் வரது."

பஞ்சு குளியலறைக்குள் போனான். ஜன்னலில் கம்பளியைக் கட்டி, இருட்டில் பிலிமைக் கழுவத் தொடங்கினான். மருந்தின் புளித்த நெடி. குழாய் சொட்டும் சத்தம். கதவுக்கு அந்தப் பக்கம் விசாலாக்ஷி குழந்தையைத் தாலாட்டுவது போல ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். வேலை முடிந்து விளக்கைப் போட்டு, ஈரப் பிலிமைத் தூக்கிப் பிடித்தான்.

முதல் சுருளில் எல்லாம் சரியாக இருந்தது. வெளுப்பு கறுப்பாகவும் கறுப்பு வெளுப்பாகவும் தலைகீழாகத் தெரிகிற படங்களில், அவன் மகள் கறுப்புக் கவுனில் நின்றாள். பாதிப் படங்களில் கண் மூடியிருந்தது. அவனுக்குச் சிரிப்பு வந்தது.

இரண்டாவது சுருளை எடுத்தான்.

வரப்பில் யாரும் இல்லை.

அடுத்த படத்திலும் இல்லை. கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தான். வரப்பைத் தாண்டி, பாத்திக்குள், தூரத்தில் ஒரு கறுப்புப் புள்ளி. கவுன். முழங்கால்வரை தண்ணீர். ஒரு கை மேலே தூக்கியிருந்தது.

அதற்கடுத்ததில் இடுப்புவரை.

வாய் திறந்திருந்தது. கேமராவைப் பார்த்துத் திறந்திருந்தது.

பிறகு கழுத்து.

பிறகு தலைமுடி மட்டும்.

பிறகு தண்ணீர். தண்ணீர். தண்ணீர். 'பேஷ், அப்படியே நில்லு' என்று அவன் சொல்லச் சொல்ல எடுத்த தண்ணீர்.

கதவைத் திறந்தான். விசாலாக்ஷி தரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் அது படுத்திருந்தது. அவள் புடவை தொப்பலாக நனைந்திருந்தது.

"மெதுவா. இப்பத்தான் கண்ணசந்தா" என்றாள் கிசுகிசுப்பாக. அவள் முகத்தில் அத்தனை நிம்மதி. அந்த நிம்மதியிடம் என்ன சொல்ல முடியும்? அவளை அதனுடன் அங்கே விட்டுவிட்டுப் போவது தப்பு என்று தெரிந்தது. தெரிந்தே படியிறங்கி ஓடினான்.

டாக்ஸி உப்பளத்தில் விட்டபோது வெளிச்சம் கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது. கடல் ஏறியிருந்தது. வரப்புகூடத் தெரியவில்லை.

"அகிலா!"

தவளைகூட இல்லை.

பயனில்லை என்பது தெரிந்தும் இறங்கினான். சேறு காலை வாங்கியது. மார்வரை போனான். குனிந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கண் தெரியாமல் துழாவினான். பாசி. கல். வழவழப்பு.

விரல்.

சின்ன விரல்கள், அவன் விரல்களைப் பற்றிக்கொண்டன. அந்தப் பிடி அவனுக்குத் தெரியும். தெரு தாண்டும்போதெல்லாம் பிடித்துக்கொள்ளும் பிடி. உயிர் இருக்கிற பிடி. தலையைத் தண்ணீருக்கு மேலே தூக்கி, அழுதுகொண்டே இழுத்தான். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தான்.

அப்போது இடது மணிக்கட்டை இன்னொரு கை பிடித்தது. அதுவும் சின்னது. ஆனால் அகிலாவுடையது இல்லை.

பிறகு முழங்காலில் ஒன்று.

சட்டை நுனியில் ஒன்று.

சுற்றிலும், கண்ணுக்கு எட்டிய மட்டும், பாத்தி பாத்தியாக, தண்ணீருக்கு மேலே குழந்தைகளின் கைகள் எழுந்துகொண்டிருந்தன.