புல்வெளி விட்ட மூச்சு

நண்பகல் வெயிலில் புல் மூச்சை உள்ளே இழுக்க வேண்டும். அது வெளியே விட்டுக்கொண்டிருந்தது.

ஆய்வுக்கூடத்தின் தகரக் கூரை வெயிலில் படபடவென்று வெடிக்க, சூடேறிய ஒயர்களின் வாசனையும் ஈரக் காலுறைகளின் வாசனையும் கலந்த அந்த ஒற்றை அறையில், கணினித் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் அவள் உட்கார்ந்திருந்தாள். மலை உச்சியின் புல்வெளியில், சற்றுக் கீழே ஒரு பள்ளத்தில், புல்லின்மேல் கண்ணாடிக் கூண்டு ஒன்றைக் கவிழ்த்து வைத்திருந்தாள். உள்ளேயிருக்கும் கரியமில வாயுவை அது அளந்து அனுப்பிக்கொண்டே இருக்கும். வெயிலில் புல் அதை உறிஞ்சும், திரையில் கோடு இறங்கும். இருட்டினால் மண் அதை வெளியே விடும், கோடு ஏறும். வருடக்கணக்காக அவள் பார்த்துவந்தது அதைத்தான். ஆனால் இந்தக் குளிர்காலத்தில் பனியே விழவில்லை. எப்போதும் உறைந்தே கிடந்த அடிமண் முதல் முறையாக இளகியிருந்தது. இப்போது கோடு ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. தூங்குகிறவரின் மார்பைப் போல, நிதானமாக.

"என்னக்கா, புல்லுக்கு ஆஸ்துமா வந்துடுச்சா?" பின்னால் நின்று தம்பி சிரித்தான். கருவிகளைப் பழுது பார்ப்பது அவன் வேலை. அவள்தான் பேசி அவனை அங்கே சேர்த்துவிட்டிருந்தாள்.

"கூண்டுல எங்கயாவது ஓட்டை இருக்கும். போய்ப் பாத்துட்டு வாடா."

"வெளிய காத்தே இல்ல. மூடுபனி வேற ஏறுது. நாளைக்குப் பாத்துக்கலாமே."

காற்றில்லாத நாளில் அந்த வாயு பள்ளத்தில் தேங்கும் என்பது அவளுக்குத் தெரியும். அங்கே மேயப்போன ஆடு ஒன்று திரும்பி வராததும் தெரியும். ஆனால் இப்படியொரு கோட்டை இதுவரை யாரும் பார்த்ததில்லை. பழுதா, நிஜமா? இன்றே தெரிந்தாக வேண்டும்.

"நோகாம இருக்க ஒரு சாக்கு," என்றாள்.

அவன் முகம் சுண்டிப்போயிற்று. வாக்கி-டாக்கியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனான். சன்னல் வழியே பார்த்தாள். இடுப்புவரை மூடுபனி, அப்புறம் கழுத்துவரை, அப்புறம் வெறும் வெள்ளை.

வெகுநேரம் கழித்து மேசையிலிருந்த இன்னொரு வாக்கி-டாக்கி கரகரத்தது.

"கூண்டு நல்லாத்தான் இருக்குக்கா. ஓட்டை கீட்டை எதுவும் இல்ல. ஆனா மண்ணு வெதுவெதுன்னு இருக்கு. காலுக்கடியில என்னமோ அசையுற மாதிரி..." இருமினான். "தலை சுத்துது."

"மேல ஏறு. எல்லாத்தையும் போட்டுட்டு ஏறி வாடா!"

தொப்பென்று ஒரு சத்தம். பொத்தான் அழுந்தியபடியே அவன் விழுந்திருக்க வேண்டும். அவன் மூச்சு மட்டும் அறைக்குள் கேட்டது. முதலில் நாய்க்கு இரைப்பதுபோல, வேகமாக. பிறகு மெதுவாக. இன்னும் மெதுவாக. அவள் திரையைப் பார்த்தாள். கோடு ஏறும்போது அவன் மூச்சை விட்டான். இறங்கும்போது இழுத்தான்.

ஆக்சிஜன் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு, முகமூடியை மாட்டியபடியே ஓடினாள்.

மூடுபனிக்குள், முகமூடியையும் மீறி, பாழடைந்த கிணற்றின் வாடை அடித்தது. பூச்சிகளின் சத்தம்கூட இல்லை. காற்றே இல்லாமல் சரிவு முழுவதும் புல் அவளை நோக்கிச் சாய்ந்தது. நிமிர்ந்தது. மறுபடி சாய்ந்தது.

கூண்டுக்குப் பக்கத்தில் தம்பி குப்புறக் கிடந்தான். முதுகு ஏறி இறங்கியது. உயிர் இருக்கிறது. அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"தம்பி, அக்கா வந்துட்டேன்டா."

தோளைப் பிடித்துப் புரட்டினாள். வரவில்லை. முகம் மண்ணோடு ஒட்டியிருந்தது. பல்லைக் கடித்து இழுத்தாள்.

பிய்ந்து வந்தான்.

வாயிலும் மூக்கிலும் வேர்கள். வெள்ளை வேர்கள். முடியைப் போல மெல்லியவை, தொண்டைக்குள் இறங்கியவை. அறுந்த நுனிகள் அசைந்தன.

மார்பு நின்றுவிட்டது.

மூச்சைப் பிடித்துக்கொண்டு தன் முகமூடியைக் கழற்றி அவன் முகத்தில் அழுத்தினாள். ஆக்சிஜன் சீறியது. மார்பு ஏறவில்லை.

கண் திறந்தான். அவளை அடையாளம் தெரிந்தது அந்தக் கண்ணுக்கு. உதடு நீலம். விரல்கள் மண்ணைப் பிறாண்டின. முகமூடியைத் தட்டிவிட்டான். வேர்களுக்கு நடுவே உதடுகள் அசைந்தன. குரல் வரவில்லை. ஆனாலும் புரிந்தது.

"திருப்பிப் போடு."

"வேணாம்டா."

"அக்கா. போடு."

கண்கள் பிதுங்கின. குதிகால் தரையில் அடித்தது. அவளால் பார்க்க முடியவில்லை.

அவனைக் குப்புறக் கிடத்தினாள். பிடரியில் கை வைத்தாள். அவன் முகத்தை மண்ணுக்குள் அழுத்தினாள், அவளே.

மண் லேசாக விலகி இடம் கொடுத்தது.

கையை முதுகுக்கு நகர்த்தினாள். உள்ளங்கைக்குக் கீழே அது ஏறியது. இறங்கியது. எந்த மனிதனும் மூச்சு விடாத அளவு நிதானமாக.