ஏழாவது பட்டன்

அப்பாவின் சாவுக்கு எடுத்த பத்து நாள் லீவு முடிந்து ஆபீசுக்கு மின்னல் திரும்பியபோது லிப்ட் நின்றிருந்தது. அது எப்போதுமே நின்றுதான் இருக்கும் என்பதால், துக்கத்துக்காக நின்றது என்று எடுத்துக்கொள்ள வழியில்லை. மூன்று மாடி ஏறினான்.

முன்பு பல் ஆஸ்பத்திரியாக இருந்த இடம். ஜன்னல்களை அடைத்து, சுவரெல்லாம் சாம்பல் நிறப் பஞ்சு அட்டை ஒட்டி, இருபது பேரை உட்கார வைத்திருந்தார்கள். காலை பத்து மணிக்கும் டியூப்லைட் வெளிச்சம்தான். பல் டாக்டர் காலி செய்துகொண்டு போய் ஆறு வருடமாகியும் அவருடைய மருந்து வாசனை காலி செய்யவில்லை.

வேலை எளிது. தனியாக வாழும் வயதானவர்களின் வீடுகளில் கம்பெனி ஒரு சின்னப் பெட்டியை மாட்டும். வீட்டில் சத்தம் கேட்டால் பெட்டி அதைப் பத்து விநாடித் துண்டாக நறுக்கி இங்கே அனுப்பும். இங்கே இருப்பவர்கள் ஹெட்போனில் கேட்டு, அது என்ன சத்தம் என்று பட்டனை அமுக்க வேண்டும். இருமல், குறட்டை, குழாய், டிவி, பேச்சு, விழுந்த சத்தம். ஆபத்தான சத்தம் என்றால் பிள்ளைகளின் போனுக்கு அடுத்த நொடியே செய்தி போகும். நான்காம் மாடியில் ஒரு அம்மா பத்துக்கு ஒன்றைத் திரும்பக் கேட்டுத் தப்புக் கண்டுபிடித்து அனுப்புவார். அவரை யாரும் பார்த்ததில்லை. பெயர் மேல்மாடி.

திரையின் அடியில் எட்டுப் பட்டன்கள் கொண்ட பேனல். எந்தப் பட்டனில் எதை வைப்பது என்பது அவரவர் இஷ்டம். கம்பெனி கொடுத்த ஒரே சுதந்திரம் அதுதான். பேனலில் இல்லாத சத்தம் வந்தால் நீளமான பட்டியலைத் திறந்து தேட வேண்டும். யார் தேடுவது? எட்டாவது பட்டனில் ‘மற்றவை’ இருந்தது.

மூன்று மாதத்துக்கு முன் அவன் ஏழாவது பட்டனில் இருந்த ‘தட்டும் சத்தம்’ என்பதைத் தூக்கிவிட்டு, பத்து விநாடித் துண்டை ஐந்தே விநாடியில் ஓட்டும் ‘இரட்டை வேகம்’ என்பதை வைத்தான். தட்டும் சத்தம் வாரத்துக்கு ஒன்று வந்தால் அதிகம். வேகம் கூடியதும் நாளுக்கு இரண்டாயிரம் கிளிப் முடித்தான். மின்னல் என்ற பெயர் அப்போது வந்ததுதான். டீம் லீடர் அவன் பேனலைப் படமெடுத்து, ‘எல்லோரும் இப்படி வைத்துக்கொள்ளவும்’ என்று அனுப்பினார். எல்லோரும் வைத்துக்கொண்டார்கள்.

பக்கத்து நாற்காலியில் இருமல் அக்கா. முதல் மூச்சிலேயே வறட்டு இருமலா சளி இருமலா என்று சொல்லிவிடுவாள். பொய்யாக இருமி லீவு போடப் பார்த்த டீம் லீடரே ஒருமுறை அவளிடம் மாட்டிக்கொண்டிருக்கிறார்.

“வா தம்பி. சாப்பிட்டியா?”

“ம்.”

“எப்படிப்பா ஆச்சு?”

“பாத்ரூம் தாழ்ப்பா சிக்கிக்கிச்சுக்கா. மூணு நாள் உள்ளயே இருந்திருக்காரு.” பஸ் நம்பர் சொல்வதுபோல் சொன்னான். அந்தப் பத்து நாளும் எல்லோரிடமும் அப்படித்தான் சொல்லியிருந்தான். வேறு மாதிரி சொல்ல வரவில்லை.

“நீ அங்க பெட்டி மாட்டியிருந்தியேடா?”

“மாட்டியிருந்தேன்.”

அக்கா தன் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவன் கம்ப்யூட்டரைத் திறந்தான்.

ஏழாவது பட்டனில் ‘தட்டும் சத்தம்’ என்று இருந்தது.

அதைத் தூக்கிவிட்டு இரட்டை வேகத்தை வைத்தான். ஒரு குறட்டை, ஒரு குழாய். குனிந்து பார்த்தால் ஏழில் மறுபடி ‘தட்டும் சத்தம்’.

“அக்கா, என் பேனல்ல யாராவது கை வெச்சாங்களா?”

“உன் பேனல்ல கை வெச்சா எனக்கு மெடலா குத்தப் போறாங்க? போடா.”

மூன்றாம் முறை மாற்றவில்லை. பழைய பதிவேட்டைத் திறந்து 418 என்று தேடினான். அப்பா வீட்டுப் பெட்டியின் எண். மாட்டியவனே அவன்தான் என்பதால் மறக்கவில்லை. ஆனால் கிளிப்பின் மூலையில் அந்த எண் எறும்பு அளவில் இருக்கும். நாளுக்கு இரண்டாயிரம் எறும்புகளை யார் பார்ப்பார்கள்?

அந்த மூன்று நாளில் 418 அனுப்பியது பத்தொன்பது கிளிப். அவனுக்கு வந்தது ஒன்பது. ஒன்பதுக்கும் ‘மற்றவை’. மீதிப் பத்து வேறு ஆட்களுக்குப் போயிருந்தது. அவற்றுக்கும் ‘மற்றவை’. எல்லோரிடமும் இருந்தது அவனுடைய பேனல்தானே.

ஒலி இல்லை. ஒரு வாரத்தில் அழித்துவிடுவார்கள். அந்த ஒன்பதில் என்ன இருந்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. ஏதாவது தோன்றும் என்று காத்திருந்தான். உட்கார்ந்தே மரத்துப்போன கால் மாதிரி இருந்தது உள்ளே.

அடுத்த கிளிப் தானாக ஓடியது.

மூலையில் எறும்பு அளவில் 418. இன்றைய தேதி.

வீடு பூட்டியிருந்தது. ஒரே சாவி அவன் பாக்கெட்டில்.

முதலில் வெறும் காற்று. ஒரு காலி அறையின் இரைச்சல். பிறகு, தூரத்தில்:

டக் டக்... டக்.

இரட்டை வேகத்தில் ஓட்டியிருந்தால் பழைய ஃபேன் கரகரப்பதுபோல் கடந்து போயிருக்கும்.

இது அவனுக்குத் தெரிந்த தட்டு. பள்ளிக்கூட நாட்களில் குளிக்கப் போனால் வெளியே இருந்து அப்பா இப்படித்தான் தட்டுவார். இரண்டு, கொஞ்சம் பொறுத்து ஒன்று. “உள்ள தூங்கிட்டியாடா?” என்பார். “இதோ வந்துட்டேன்பா” என்பான். அதன்பின் கால் மணி நேரம் கழித்துத்தான் வருவான்.

ஹெட்போனைக் கழற்றி அக்காவிடம் நீட்டினான். அவள் முழுக்கக் கேட்டாள்.

“ஒண்ணும் இல்லையே தம்பி. வெறும் காத்து.”

சொல்லிக்கொண்டே அவள் விரல் மேசையில் தட்டியது. இரண்டு. கொஞ்சம் பொறுத்து ஒன்று.

அவளுக்கு அது தெரியவில்லை.

அவன் ஏழாவது பட்டனை அமுக்கினான்.

பாக்கெட்டில் போன் அதிர்ந்தது. ‘உங்கள் வீட்டில் தட்டும் சத்தம் கேட்டுள்ளது. யாருக்கோ உதவி தேவைப்படலாம்.’

ஒரு விரல். ஒரு நொடி. அன்றும் இவ்வளவுதான் ஆகியிருக்கும்.

மதிய இடைவேளையில் போனான். பஸ்ஸில் கால் மணி நேரம். நல்ல வெயில். தெருவில் யாரோ ஸ்கூட்டர் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

வீட்டுக்குள் ஈர வாசனை. சுவரில் பெட்டியின் பச்சை விளக்கு எரிந்தது. பாத்ரூம் பக்கம் போய் நின்றான்.

அங்கே தட்டுவதற்குக் கதவே இல்லை.

அப்பாவை வெளியே எடுக்க அன்றைக்கே உடைத்திருந்தார்கள். கதவு ஹாலில் சுவரோடு சாய்ந்து கிடந்தது. உள்பக்கம் வெளியே தெரிந்தது. கைப்பிடிக்குக் கொஞ்சம் மேலே, விரல் முட்டி படும் உயரத்தில், பெயின்ட் தேய்ந்து மரம் தெரிந்தது.

பெட்டியைப் பிடுங்கினான். பச்சை விளக்கு அணைந்தது. பெட்டியை மேசை இழுப்பறையில் போட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு ஆபீசுக்கு வந்துவிட்டான். ஐந்து நிமிடம் தாமதம். டீம் லீடர் குறித்துக்கொண்டார்.

மூன்று மணிக்கு வந்த கிளிப்பில் மறுபடி 418.

டக் டக்... டக்.

பிறகு ஒரு இடைவெளி. பதிலுக்குக் காத்திருப்பவர்கள் விடும் இடைவெளி. அவனுக்கு அது நன்றாகத் தெரியும்.

மைக் இல்லாத ஹெட்போன். இருந்தும் வாய் தானாகச் சொன்னது.

“இதோ வந்துட்டேன்பா.”

இருமல் அக்கா திரும்பிப் பார்த்தாள். “யாருகிட்டடா பேசுற?”

“யாருகிட்டயும் இல்லக்கா.”

ஏழாவது பட்டனை அமுக்கினான். போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்க்கவில்லை. அடுத்தது ஒரு குறட்டை. இரண்டை அமுக்கினான். அடுத்தது குழாய். இரட்டை வேகத்தை அவன் பட்டியலில்கூடத் தேடவில்லை. ஒவ்வொன்றையும் பத்து விநாடியும் முழுக்கக் கேட்டான்.

மாலை ஐந்தரைக்கு, பையை மாட்டும்போது, நான்காம் மாடியிலிருந்து ஒரு கிளிப் திரும்பி வந்திருந்தது. கீழே மேல்மாடியின் வழக்கமான குறிப்பு:

‘வீடு 418, மூன்று மணி. தட்டும் சத்தம் என்று குறித்தது சரி. ஆனால் அதன்பின் இருவர் பேசுவதை விட்டுவிட்டீர்கள். இளைஞர்: “இதோ வந்துட்டேன்பா.” பெரியவர்: “மெதுவா வாடா. நான் எங்க போகப் போறேன்?” பேச்சு என்றும் குறிக்கவும். இனி கவனமாகக் கேட்கவும்.’

மின்னல் பையைக் கழற்றி வைத்தான். ஐந்தாவது பட்டன்தான் பேச்சு. அதை அமுக்கிவிட்டுக் கம்ப்யூட்டரை அணைத்தான்.

அணைந்த திரையின் அடியில் பேனல் மட்டும் அணையவில்லை. எட்டுப் பட்டன்களிலும் ‘தட்டும் சத்தம்’ என்றே எழுதியிருந்தது.