இடக்கை தூக்கிய பிள்ளைகள்

"எனக்கு உசுருள்ள பிள்ளைங்கள வச்சுப் பரீட்சை வைங்க, மேடம்."

சொல்லியே விட்டாள் இசக்கி. ஆசிரியர் கல்விப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த அன்றே மூத்த மாணவிகள் காதில் ஓதியிருந்தார்கள்: எதை வேண்டுமானாலும் கேள், விடுதிச் சாம்பாரில் பருப்பு எங்கே என்றுகூடக் கேள், உயிருள்ள பிள்ளையை மட்டும் கேட்டுவிடாதே. கேட்டால் உன் பெயர் அத்தோடு முடிந்தது.

மதிப்பீட்டுத் துறைத் தலைவர் அமலோற்பவம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, அவசரமே இல்லாமல் துடைத்தார். துணைக்கு வந்திருந்த தோழி நஸ்ரின் மேசைக்கு அடியில் இசக்கியின் காலை ஓங்கி மிதித்தாள்.

"மாணவர் மேல பயிற்சி எடுக்கிறது குற்றம். சட்டம் படிச்சியா இல்லையா?" என்றார் தலைவர்.

"படிச்சேன். மனப்பாடமாச் சொல்லவா?"

சட்டத்தைக் கொண்டுவந்தவர்கள் கெட்டவர்கள் அல்ல. ஒரு காலத்தில் ஆசிரியர் பயிற்சிக்கு வந்தவர்கள் ஊர்ப் பள்ளிகளுக்குப் போய்ப் பிள்ளைகளிடம் பாடம் நடத்திப் பழகினார்கள். எங்கள் பிள்ளைகள் என்ன சோதனை எலிகளா என்று பெற்றோர் கொதித்தார்கள். நியாயம்தானே. அதற்குப் பதிலாக வந்ததுதான் நிழல்வகுப்பு. பெரிய கூடம், வரிசையாகப் பெஞ்சுகள், அவற்றில் ஒளியால் நெய்த நாற்பது பிள்ளைகள். நிழல் என்று பெயர்தானே தவிர, சட்டைப் பொத்தான் விட்டுப்போயிருப்பதுகூடத் தெரியும். ஒவ்வொரு பிள்ளைக்கும் எவ்வளவு புரிந்தது என்று சுவரிலிருக்கும் புரிமானி காட்டும். அது பச்சையில் நின்றால் நீ ஆசிரியர். மூன்று தடவை சிவப்புக்கு இறங்கினால் வாழ்நாள் முழுக்க எந்தப் பள்ளியும் உன்னைச் சேர்க்காது.

இசக்கிக்கு இன்று காலை மூன்றாவது சிவப்பு.

நடத்திய பாடம் பின்னம். மூன்றில் ஒன்று பெரிதா, நான்கில் ஒன்று பெரிதா என்று கேட்டாள். அத்தனை பேரும் கை தூக்கினார்கள். முதல் பெஞ்சுப் பெண் எழுந்து, "மூன்றில் ஒன்றே பெரியது, டீச்சர்" என்றாள். "எப்படிம்மா?" என்றாள் இசக்கி. "மூன்றில் ஒன்றே பெரியது, டீச்சர்." கடலைமிட்டாயைப் பலகையில் வரைந்து, பங்கு போட்டுக் காட்டி மறுபடியும் கேட்டாள். அதே சிரிப்பு, அதே பதில். "ஏட்டி, நீ என்ன கிளிப்பிள்ளையா?" என்று வாய் தவறி வந்துவிட்டது. புரிமானி சரசரவென்று இறங்கியது. 'ஆசிரியர் வகுப்பைக் குழப்புகிறார்' என்று கூடமே அறிவித்தது.

"மத்தவங்க எல்லாரும் பாஸ் பண்ணுற வகுப்புதானே?" என்றார் அமலோற்பவம். "இதோ, நஸ்ரின் தொண்ணூத்தாறு எடுத்திருக்கா."

"நான் ஒண்ணுமே கேக்கல மேடம்" என்றாள் நஸ்ரின் பரிதாபமாக. "சொல்லிட்டு வந்துட்டேன்."

"கேக்காம இருக்கதுக்கு டீச்சர் எதுக்கு? ரேடியோ போதுமே" என்று அவள் மேல் பாய்ந்தாள் இசக்கி. பிறகு தலைவரிடம் திரும்பினாள். "இந்தப் பிள்ளைங்க எங்கிருந்து வந்துச்சு?"

"நிஜப் பிள்ளைங்களேதான். இருநூறு பள்ளிக்கூடத்தில பதிவுக்கண் வச்சு, வகுப்பில எப்படிக் கேக்குறாங்க, எப்படிப் பதில் சொல்றாங்கன்னு எடுத்தோம். அதையெல்லாம் சேர்த்துத்தான் இயந்திரம் இவங்களை நெய்தது."

"எங்க பள்ளிக்கூடத்துக்கும் வந்துச்சு. அப்ப நான் அஞ்சாங் கிளாஸ்."

இசக்கியின் அப்பாவும் அம்மாவும் சூரியத்தகடு துடைப்பவர்கள். காடு காடாகப் பரப்பிக் கிடக்கும் தகடுகளில் தூசி துடைத்து முடித்ததும் முகாம் அடுத்த காட்டுக்கு நகரும். இசக்கியும் பள்ளி மாறுவாள். எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள். பதிவுக்கண் வரும் செய்தி முன்கூட்டியே வந்துவிட்டது. மேலதிகாரி பார்வைக்கு வந்தால் என்ன செய்வார்களோ அதையேதான் டீச்சரும் செய்தார். ஒரு வாரம் ஒத்திகை. கேள்வி கேட்டால் எல்லாரும் கை தூக்க வேண்டும். தெரிந்தவன் வலக்கை, தெரியாதவன் இடக்கை. டீச்சர் வலக்கைக்காரனைத்தான் எழுப்புவார். பயப்பட வேண்டாம்.

"அப்புறம், கடைசிப் பெஞ்சு ஆளுங்க நாளைக்கு வர வேண்டாம்னுட்டாங்க. எனக்கு அன்னைக்கு லீவு, மேடம்."

"பழைய ஸ்கூல் தமாஷ்மா இதெல்லாம்."

"தமாஷ்தான். கூடத்தைத் திறந்துவிடுங்க. ஒரே ஒரு கேள்வி கேக்கேன். இடக்கை தூக்குன பிள்ளை பதில் சொல்லிட்டா, தோத்துட்டேன்னு ஒத்துக்கிட்டு நானே ஊருக்குப் போயிருதேன்."

அமலோற்பவம் என்ன நினைத்தாரோ, எழுந்து போய்க் கூடத்தைத் திறந்தார்.

விளக்குகள் எரிந்தன. "வணக்கம், டீச்சர்!" என்று நாற்பது குரல்கள் இழுத்தன.

"தண்ணி கொதிச்சா எங்க போகுது? யாருக்குத் தெரியும்?"

சட்டென்று கைகள். வயலில் நாற்று நட்டது போல அத்தனை கைகள். கால்வாசிக்கு மேல் இடக்கை. எல்லாக் கையும் மேலே இருக்கும்போது எந்தக் கை என்று யார் பார்க்கப் போகிறார்கள்? காலையில் இசக்கியே பார்க்கவில்லை.

ஜன்னலோரம் இடக்கை தூக்கியிருந்த பையனிடம் போனாள். "நீ சொல்லுய்யா."

பையன் எழுந்தான். வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை. வாயை மூடித் திறந்தான். உள்ளே நாக்குகூட இல்லை, வெறும் இருட்டு. இசக்கி பின்னால் இருந்த பெண்ணைக் கூப்பிட்டாள். அவளும் அப்படியே. சுவரில் புரிமானி முழுப் பச்சையில் நின்றது.

"அல்லாவே!" என்று நஸ்ரின் கதவோரம் ஒட்டிக்கொண்டாள்.

இருநூறு பள்ளிகளில் ஒரு டீச்சர்கூட அன்று இடக்கைக்காரனை எழுப்பவில்லை. எழுப்பாத பிள்ளைக்கு இயந்திரம் எங்கிருந்து குரல் கொடுக்கும்? தூக்கிய கையெல்லாம் புரிந்த கை என்று அது படித்துக்கொண்டது. ஏன், எப்படி என்று அன்று யாரும் யாரையும் கேட்கவில்லை. அதனால் கேட்கிறவள் குழப்புகிறவள் ஆனாள்.

"பாத்தீங்களா?" என்றாள் இசக்கி.

"தெரியும்" என்றார் அமலோற்பவம்.

"என்னது?"

"ரொம்ப வருஷமாத் தெரியும். என்ன பண்ணச் சொல்றே? இதில பாஸ் பண்ணின அத்தனை பேரும் இப்போ வேலையில இருக்காங்க. தேர்வே தப்புன்னா அவங்க யாரும் டீச்சர் இல்லைன்னு ஆயிடும். ஒரே நாள்ல எல்லாப் பள்ளிக்கூடத்தையும் பூட்டவா?"

"அதுக்காக?"

"அதுக்கும் வழி கண்டுபிடிச்சாச்சு." அவர் குரலில் அசதிதான் இருந்தது, பெருமை இல்லை. "டீச்சர்ஸ் பள்ளிக்கூடத்துக்குப் போய்த் திணறுறாங்க. பிள்ளைங்க முழிக்குதுங்க, எதிர்க்கேள்வி கேக்குதுங்க. அதனால வர்ற ஜூன்லேருந்து பிள்ளைங்களையும் புரிமானியில அளக்கப் போறாங்க. நிழல்வகுப்போட பொருந்துற பிள்ளைக்குத்தான் பள்ளிக்கூடத்தில இடம். டீச்சருக்குத் தகுதித் தேர்வு இருக்கில்ல? அதே மாதிரிதான்."

இசக்கிக்குச் சிரிப்பு வந்தது. வாய் கோணியதோடு சரி.

"பொருந்தாத பிள்ளைங்க?"

"கொஞ்சம் பயிற்சி குடுத்துப் பார்ப்பாங்க. அப்பவும் பொருந்தலைன்னா வீட்டுக்கு." அமலோற்பவம் கைத்திரையில் எதையோ தட்டி அவள் முன் நீட்டினார். "பொருத்தப் பயிற்றுநர்னு புதுசாப் பதவி போட்டிருக்காங்க. உன்னை மாதிரி ஆள்தான் வேணும். பத்து வருஷத்தில இடக்கையைக் கண்டுபிடிச்சு எழுப்பினவ நீ ஒருத்திதான். இப்பவே பாஸ் போட்டுடறேன். ஒரு விரல் வை, போதும்."

திரையில் இசக்கியின் பெயர் பச்சையில் மினுங்கியது. முகாமில் யாரைப் பார்த்தாலும் அம்மா, "எம்மவ டீச்சருல்லா" என்பாள். பாஸ் ஆவதற்கு முன்பே இரண்டு வருஷமாக அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிகிறாள். அந்த முகாமில் பட்டம் வாங்கியவள் இவள் ஒருத்திதான். விரலை வைத்தால் முடிந்தது.

"ஒரு சந்தேகம், மேடம். அப்படி வீட்டுக்கு அனுப்புன பிள்ளைங்களுக்குப் பாடம் சொல்லிக்குடுக்கவும் இந்தச் சான்றிதழ் வேணுமா?"

"அதுக்கு எதுக்கு? அவங்க சட்டப்படி மாணவர்களே இல்லையே. அங்க யாரு வந்து என்ன பண்ணுனாலும் ஒருத்தரும் கேக்கப் போறதில்லை." சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. "இசக்கி. உக்காரு."

இசக்கி பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

"பைத்தியமாட்டி நீ?" நஸ்ரின் அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "ஒரு விரல்தானே? வச்சுட்டு அப்புறமா யோசி!"

"வச்சுட்டா யோசிக்க மாட்டேன். அதான் பயமா இருக்கு. கைய விடுட்டி."

"சம்பளம் யாரு தருவா? சோத்துக்கு என்ன பண்ணுவே?"

"காலைல தகடு துடைப்பேன். எங்க அம்மா துடைக்கலையா?"

"இசக்கி, நாளைக்குத் திரும்பி வந்தா இந்தப் பதவி இருக்காது" என்றார் அமலோற்பவம்.

"அது சரி மேடம், ஆளு கெடைக்கும். தொண்ணூத்தாறு எடுத்தவங்க நெறையப் பேரு இருக்காங்க."

நஸ்ரின் கையை விட்டுவிட்டாள்.

வெளியே நடையில் அடுத்த தேர்வுக்கு வந்தவர்கள் வரிசையாக நின்றுகொண்டு, "நல்லது குழந்தைகளே, மிக நல்லது" என்று சுவரைப் பார்த்துப் பழகிக்கொண்டிருந்தார்கள். இசக்கி அவர்களை இடித்துக்கொண்டு நடந்தாள். நடக்கும்போதே அம்மாவுக்குப் பேசினாள்.

"எம்மா, முகாம்ல பள்ளிக்கூடத்துக்குப் போவாத பிள்ளைங்க எத்தன இருக்கு?"

"ஏ, அது கெடக்கட்டும். பாஸா, பெயிலா?"

"வந்து சொல்லுதேன். மொதல்ல பிள்ளைங்கள எண்ணி வையி. அவங்க அம்மா ஐயாமார்ட்டயும் ஒரு வார்த்த சொல்லு, சாயங்காலம் டீச்சர் வாரான்னு."

அம்மா மறுபடியும் ஏதோ கேட்டாள். பேருந்து வந்துகொண்டிருந்தது. இசக்கி படியிறங்கி ஓடினாள்.