சொந்த நினைவு சான்றாகாது

"யாரைக் கேட்டு அழிச்சே? முழுசா ரெண்டு சீசன்! தேர்வுக் கமிட்டிக்காரங்க பார்த்தா என்னை வேலைவெட்டி இல்லாதவன்னு நினைக்க மாட்டாங்க?"

"இல்லாமதானே இருந்தீங்க? ரெண்டு வருஷம் உள் ரூம்ல முட்டியில கட்டுப் போட்டுக்கிட்டுப் படுத்திருந்ததை நான் என்னன்னு எழுதறது? கட்டில் அணியின் தலைமைப் பயிற்சியாளர்னா?"

தெருவில் பாதி வீடுகள் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்ட சண்டை அது. கணவர் கால்பந்து கோச். பத்தொன்பது வருடத்தில் பன்னிரண்டு கிளப். ஒரு கிளப்பில் டீ ஆறுவதற்குள் அடுத்த கிளப்புக்குப் பெட்டி கட்டுகிற மனிதர். தெருவில் அவருக்கு 'மூட்டைமுடிச்சு' என்றே பெயர். மனைவிக்கு ஒரு வாரப் பத்திரிகையில் தகவல் சரிபார்க்கிற வேலை. அச்சுக்குப் போகும் கட்டுரையில் ஒவ்வொரு பெயர் மேலும், ஒவ்வொரு தேதி மேலும் பென்சிலால் புள்ளி வைப்பாள். இரண்டு சான்று இருந்தால்தான் ஒரு புள்ளி. கல்யாணப் பத்திரிகையிலேயே மாமனார் பெயருக்குப் புள்ளி வைத்தவள் என்று சொல்வார்கள். வைத்தும் இருப்பாள்.

யாரோ ஒரு ரசிகன் இணையக் கலைக்களஞ்சியத்தில் கோச்சைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தான். புது வேலைக்கான கமிட்டி அதைத்தான் படிக்கும் என்று தெரிந்ததும், "கொஞ்சம் பார்த்துக் கொடு, உன் கண்ணுல எதுவும் தப்பாது" என்று அவரே கொஞ்சியிருந்தார். அவளும் பார்த்தாள். ஒன்பது வருடத்துக்கு முன் அவர் ஒரு துறைமுக ஊர் கிளப்பில் இரண்டு சீசன் இருந்ததாகப் போட்டிருந்தது. சிரித்துக்கொண்டே நீக்கினாள்.

"நான் படுத்திருந்தேனா?" என்றார் கோச் இப்போது. சண்டைக் குரல் இல்லை. தெரியாத ஊரில் வழி கேட்கிற குரல்.

"பின்னே? எண்ணெய் தேய்ச்சுத் தேய்ச்சு என் கைரேகையே போச்சே."

அவர் விசிலை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பதில் சொல்லாமல் வெளியே போனார். வாயாடி மனிதர். மழைக்காக நின்றுபோன ஆட்டத்தைக்கூட ஒரு மணி நேரம் விவரிப்பவர். அந்த மௌனம் அவளுக்குச் சரியாகப் படவில்லை.

கணினிக்குத் திரும்பினாள். நீக்கிய வரிகள் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தன. முகம் தெரியாத ஒரு தன்னார்வத் தொகுப்பாளர் திரும்பச் சேர்த்திருந்தார், கீழே குறிப்போடு: "சொந்த நினைவு சான்றாகாது. நான்கு மேற்கோள்கள் இணைத்துள்ளேன்."

தன் வேலையை இன்னொருத்தன் தனக்கே கற்றுக்கொடுப்பதா என்ற எரிச்சலோடு முதல் மேற்கோளைத் திறந்தாள். நாளிதழ்ச் செய்தி. இரண்டாவது, அணியின் குழுப்படம்: பின்வரிசையில், இடுப்பில் கைவைத்து, அவள் கணவர். அவர் பிறந்தநாளுக்கு அவள் வாங்கிக் கொடுத்த கோடு போட்ட சட்டை. மூன்றாவதைத் திறக்கவில்லை. அந்தக் கிளப்பில் அப்போது பந்து, ஜெர்சிகளைப் பார்த்துக்கொண்டவரின் எண்ணைத் தேடிப் பிடித்து, பத்திரிகையிலிருந்து பேசுவதாகச் சொன்னாள்.

"கோச்சா? ஒரு நாள் லீவு போட்டதில்லை மேடம். ரெண்டு சீசனும் கிரவுண்டுக்குப் பின்னாடி வீட்டுலதான் இருந்தாங்க, அவரும் அண்ணியும்."

"எந்த அண்ணி?"

"நீச்சல் சொல்லிக் கொடுப்பாங்களே, அவங்கதான். வேற எத்தனை அண்ணி மேடம் இருக்க முடியும்?" அவர் சிரித்தார். அவள் போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள்.

கல்யாணமாகிப் பதினொரு வருடம். ஆனால் அழுவதற்குக்கூட ஒரு தடை இருந்தது. அவர் அங்கே இருந்தார் என்பதற்கு நான்கு சான்று. இங்கே இருந்தார் என்பதற்கு?

தேடினாள். மருந்துச் சீட்டு இல்லை. டாக்டர் வேண்டாம், படுத்தால் சரியாகும் என்றது அவர்தான். வந்து பார்த்த சொந்தம் இல்லை. யாரையும் உள்ளே விடாதே என்றதும் அவர்தான். ஒட்டுச்சுவர் வீட்டுத் தையல்காரம்மாவைப் போய்க் கேட்டாள்.

"கண்ணால பார்த்ததில்லைம்மா. ஆனா இருமல் கேட்கும். நீ ஆபீஸ் போனப்புறம்கூடக் கேட்கும். சுவரோட சுவரா, காதுகிட்ட வந்து இருமற மாதிரி."

அரைப் புள்ளி, என்று நினைத்துக்கொண்டாள்.

பரணிலிருந்து ஆல்பத்தை இறக்கினாள். அந்த இரண்டு வருடப் படங்களில் அவர் எதிலும் இல்லை. அவள்தான் இருந்தாள். உள் ரூம் கட்டிலின் விளிம்பில், வயிற்றைப் பிடித்துக்கொண்டு. அப்புறம் கைக்குழந்தையோடு. தலை கலைந்து, வெட்கப்பட்டு, எதிரே இருப்பவரைப் பார்த்துச் சிரித்தபடி. அவ்வளவு சந்தோஷமாக அவள் வேறெந்தப் படத்திலும் இல்லை.

எல்லாம் தலையணை உயரத்திலிருந்து எடுத்தவை. படுத்துக்கொண்டே எடுத்தவை.

யார்?

மத்தியானம் கோச் வந்தபோது அவள் ஆல்பத்தோடு தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"நீச்சல்காரியோடதான் இருந்தியா?" கல்யாணமான நாளிலிருந்து முதல் 'நீ'.

அவர் வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "ஆமா. ஒன்பது வருஷம் முன்னாடி சண்டை போட்டுட்டு விடிகாலையில பையோட கிளம்பினேன். கிளப்பை மூடினப்புறம்தான் திரும்பினேன். நான் துரோகிதான். ஆனா ரெண்டு வருஷம் நீ ஒரு போன் பண்ணலை. தேடலை. வந்து நிக்கறேன், கையில நாலு மாசக் குழந்தை. யாரோடதுன்னு நான் என்னிக்காவது கேட்டேனா? கேட்டா நானும் சொல்லணுமேன்னு வாயை மூடிக்கிட்டேன்."

"நீங்க கிளம்பின அரை மணியில திரும்பிட்டீங்க. பஸ் ஸ்டாண்டுல விழுந்துட்டேன்னு நொண்டிக்கிட்டு…"

கோச் எழுந்தார். இரண்டு முட்டியையும் மடக்கி உட்கார்ந்தார். எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார். ஒரு சின்ன நெட்டி முறிகிற சத்தம்கூட இல்லை.

"என் முட்டிக்கு எதுவும் ஆனதே இல்லை."

"அப்போ குணமாகி, பையோட வந்து நின்னது?"

"வெளியிலேர்ந்துதான் வந்தேன்."

உள் ரூம் கதவு சாத்தியிருந்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள். அவர் வெளியிலிருந்து வந்தார். சரி. உள்ளே படுத்திருந்தது வெளியே போனதை யார் பார்த்தது? சான்று? ஒன்றுகூட இல்லை.

எண்ணெய் வாசனை வந்ததோ? இல்லை. பிரமை. இல்லை, வந்தது.

அப்போதுதான் இரண்டாம் வகுப்புப் படிக்கிற மகள் பள்ளியிலிருந்து வந்தாள். ஷூவைக் கழற்றி எறிந்தாள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருக்கும் அம்மாவையும் கோச்சையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"சண்டையா?" என்றாள். "எந்த அப்பாவுக்காக?"

மகள் உதட்டில் விரல் வைத்தாள்.

"கத்தாதீங்க. அவர் தூங்கறார்."

கோச் அன்றே மூட்டை கட்டினார்; இந்த முறை எந்தக் கிளப்பும் கூப்பிடாமல். கமிட்டியின் வேலை வேறொருவருக்குப் போயிற்று. அடுத்த வருடம் அவர் துறைமுக ஊரில் நீச்சல் டீச்சரைக் கல்யாணம் செய்துகொண்டார் என்றும், ராத்திரி விளக்கை அணைக்க விடுவதில்லை என்றும் தையல்காரம்மாவுக்குச் சேதி வந்தது. தையல்காரம்மாவும் மகன் வீட்டோடு போய்விட்டாள். ஒட்டுச்சுவர் வீடு அவளுக்கு அலுத்துவிட்டதாம்.

சரிபார்ப்பவள் கோச் போன மறுநாளே கிளம்பினாள். வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு, கட்டிலையும் மெத்தையையும் அங்கேயே விட்டு, போகும் ஊரை ஒருவரிடமும் சொல்லாமல். மகளை வாடகைக் காரின் பின் சீட்டில் ஏற்றி, தான் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஊர் எல்லை தாண்டியபின்தான் மூச்சு விட்டாள். வெயில் நன்றாக அடித்தது. தப்பித்துவிட்டோம் என்று நினைத்தாள்.

"பாப்பா அசந்து தூங்குது போல," என்றார் டிரைவர்.

கண்ணாடியில் பார்த்தாள்.

சீட்டின் நடுவில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தாள். உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. கன்னம் அழுந்தி, உதடு கோணி. சாய்ந்த பக்கம் ஒன்றுமில்லை. வண்டி வேகத்தடையில் ஏறி இறங்கியது. தலை விழவில்லை.

நெற்றியில் கிடந்த முடிக்கற்றை மெல்ல விலகியது. காதுக்குப் பின்னால் போய் ஒதுங்கியது.

ஜன்னல்கள் மூடியிருந்தன.