வெர்னெல் டாப்ஸின் கையுறை

காலையில பல்லு தேய்ச்சு, டீக்குத் தண்ணி வச்சிட்டு, சுவர்ல மாட்டின நினைவாடிங்கற கண்ணாடி முன்னாடி போய் நிக்கணும். அந்த நேரத்துல எங்க கட்டடம் முழுக்க முணுமுணுப்பு கேக்கும். கோயில்ல ஜெபமாலை சொல்றப்ப வர்ற மாதிரி ஒரு சத்தம். மேல ஒருத்தர், கீழ ஒருத்தர், சுவருக்கு அந்தப் பக்கம் ஒருத்தர். வார்த்தை ஒண்ணும் தெளிவாக் கேக்காது.

என் ஆடியில இருக்கறவ பேரு வெர்னெல் டாப்ஸ். கறுப்பினப் பொம்பளை, அகலமான தோளு, இடுப்புல தோல் பட்டை. இந்த ஏரிக்கரை ஊருல மின்கம்பம் ஏறுற வேலைக்கு முதல்ல போன பொம்பளை அவதான். ஆம்பளைங்க அளவுக்குத் தைச்ச கையுறை அவ கையில நிக்காது. அவளோட வாழ்ந்த ஒபீலியாதான் தோலை வெட்டி அவ கைக்குப் பொருந்துற மாதிரி தைச்சுக் கொடுப்பா. ஆடியில வெர்னெல் முன்னாடி நிப்பா, ஒபீலியா பின்னாடி ஜன்னலோரமா உக்காந்து தைப்பா. சாகிற வரைக்கும் ஒரே வீடு, ஒரே கட்டிலு.

"நீ இருந்தே. நீ ஏறினே. நீ நேசிச்சே. நானும் இங்க இருக்கேன்." இதைச் சொல்லிட்டு நம்மளைப் பத்தி உண்மையா ஒண்ணு சொல்லணும். நான் பெரும்பாலும் சின்னதாத்தான் சொல்வேன். நேத்து குழம்பு கரிஞ்சு போச்சு, பஸ்ல ஒருத்தர்கிட்ட சிடுசிடுத்துட்டேன், இப்படி. ஆடி ஏத்துக்கும்.

இங்க குடியேறி வர்றவங்களுக்கு வீட்டுச் சாவியோட ஒரு ஆடியும் தருவாங்க. இந்த மாதிரிப் பொம்பளைங்களைப் பத்தின பதிவையெல்லாம் ஒரு காலத்துல மொத்தமா அழிச்சிட்டாங்க. தப்பிச்ச துண்டு துணுக்கை வச்சுத்தான் ஆடி அவங்களைத் திரும்ப ஒட்டுது. அதுக்குப் பசை நம்ம பேச்சு. ஒருத்திக்கு ஒரே ஒரு பொறுப்பாளிதான். பள்ளிக்கூடப் பாடம், பூங்காவுல இருக்கிற சுவர்ப்படம் எல்லாம் அந்த ஒரு ஆடியைப் பார்த்துத்தான் மாறும். வெர்னெலுக்கு நான்.

ஆடிக்கு முதல்ல தமிழ் தெரியாது. நானும் அம்மாவும் போன்ல பேசுறதைக் கேட்டுத்தான் கத்துக்கிச்சு. அதனால வெர்னெல் எங்க அம்மா குரல்ல தூத்துக்குடித் தமிழ் பேசுவா. முதல் தடவை "ஏட்டி பெனிட்டா"ன்னு கூப்பிட்டப்ப கையில இருந்த டம்ளரைக் கீழ போட்டுட்டேன்.

போன வாரம் ஆடி முன்னாடி நிக்கிறப்பவே அம்மா வீடியோவுல வந்தாங்க. அங்க சாயங்காலம்.

"ஏட்டி, மணப்பாட்டுப் பையன் போட்டோவைப் பார்த்தியா இல்லியா?"

"பார்க்கேன்மா."

"எப்ப பார்க்கே, அவனுக்குப் பிள்ள பொறந்த பொறவா? ஆமா, பின்னாடி தலையில துண்டக் கட்டிக்கிட்டுப் போறாளே, அது யாரு?"

அது கெஸியா. இங்கேயே பொறந்து வளர்ந்த கறுப்பினப் பொண்ணு. வர்ற ஆவணியில நாங்க சேர்ந்து இருக்க ஆரம்பிச்சு ரெண்டு வருஷம். அவளுக்குத் தெரிஞ்ச தமிழ் கொஞ்சம்தான், அதுலயும் பாதி கெட்ட வார்த்தை. எங்க பேச்செல்லாம் இங்கிலீஷ்லதான்.

"ரூம்மேட்மா. வாடகைக்கு இருக்கா."

கெஸியா நின்னா. அந்த ஒரு வார்த்தை அவளுக்கு யாரும் மொழிபெயர்க்க வேண்டாம். அப்புறம் திரும்பி டீயை வடிகட்டினா.

மறுநாள் ஆடியில ஒபீலியா இல்ல. நாற்காலி மட்டும் இருந்துச்சு.

"ஒபீலியா எங்க?"

வெர்னெல் திரும்பிப் பார்த்தா. "யாரு, வாடகைக்கு இருந்தாளே, அவளா? காலி பண்ணிட்டுப் போயிருப்பா, ஏட்டி." அம்மா அடுத்த வீட்டுக்காரங்களைப் பத்திப் பேசுற அதே மாதிரி, சாதாரணமா.

அடுத்த நாள் நாற்காலியும் இல்ல. வெர்னெல் கையைக் காட்டினா. உள்ளங்கை முழுக்கத் தோல் உரிஞ்சு, விரல் நுனியெல்லாம் கரியா இருந்துச்சு. "ஏன்னு தெரியல. ரெண்டு நாளா எரியுது."

கெஸியாதான் ஆடி அலுவலகத்துக்குப் போன் போட்டு ஸ்பீக்கர்ல வச்சா. அங்க இருந்த பொண்ணு ரொம்ப அன்பாப் பேசினா.

"பொறுப்பாளி ஆடி முன்னாடி சொன்னதைத்தான் ஆடி எடுத்துக்கும். தைச்சவ இல்லன்னா கையுறை இல்ல. கையுறை இல்லாம ஒருத்தி இத்தனை வருஷம் கம்பம் ஏறியிருக்க முடியாதுன்னு அது அடுத்துக் கணக்குப் போடும்."

"போட்டா?" கெஸியா கேட்டா.

"ஏறலன்னு முடிவு பண்ணிரும். அப்புறம் அப்படி ஒருத்தி இருந்தாங்கறதுக்கு ஆதாரம் இருக்காது."

"நான் இப்பவே மாத்திச் சொல்றேன்," அப்படின்னேன்.

"சொன்னா எடுத்துக்காது. பொய் யார் காதுல விழுந்துச்சோ, அவங்க காதுலதான் உண்மையும் விழணும்."

போனை வச்சிட்டுக் கெஸியா தரையில உக்காந்தா. "சின்ன வயசுல எங்கம்மா என்னை அந்தச் சுவர்ப்படத்துக்குக் கூட்டிட்டுப் போவாங்க. நான் அந்த ரெண்டு பேரையும் பார்த்துத்தான் எனக்கும் ஒரு வீடு இருக்கும்னு நம்பினேன். இன்னைக்கு வேலைக்குப் போறப்ப பார்த்தேன் பெனி. ஒருத்திதான் நிக்கிறா. அவளும் வெளிறிப் போயிருக்கா."

"எங்கம்மாவை உனக்குத் தெரியாது."

"தெரியாது. வாடகைக்கு இருக்கறவளுக்கு எப்படித் தெரியும்?"

ராத்திரி பூரா அம்மா நம்பரை எடுக்கறதும் மூடுறதுமா இருந்தேன்.

விடிஞ்சதும் ஆடி முன்னாடி நின்னேன். வெர்னெல் முகம் ஈரத்துல ஊறின காகிதம் மாதிரி இருந்துச்சு. இடுப்புல பட்டை இல்ல. ஆடிக்கு முதுகைக் காட்டி நின்னு, அம்மாவுக்கு வீடியோவுல போன் போட்டேன். எடுத்தாங்க.

"என்னட்டி, முகம் ஏன் இப்படி இருக்கு? காய்ச்சலா?"

"அம்மா, அன்னைக்குத் துண்டு கட்டிக்கிட்டுப் போனாளே, கெஸியா, அவ ரூம்மேட் இல்ல." போனை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டேன். "நான் அவளோடதான் வாழுறேன். கல்யாணம் பண்ணின மாதிரி. எனக்கு மணப்பாட்டுப் பையனும் வேண்டாம், வேற எந்தப் பையனும் வேண்டாம்."

கேமரா கீழ சாஞ்சுது, தரை தெரிஞ்சுது, திரும்ப முகம் வந்துச்சு.

"ரூம்மேட்டுன்னே இருக்கட்டுமே, ஏட்டி. யாருக்கு என்ன நட்டம்? நான் கேட்டேனா?"

"இருக்க முடியாதும்மா."

என் முதுகுக்குப் பின்னாடி நாற்காலி இழுபடுற சத்தம் கேட்டுச்சு. எங்க வீட்டுல யாரும் எதையும் நகத்தல. திரும்பி ஆடியைப் பார்த்தேன். ஜன்னலோரம் ஒபீலியா குனிஞ்சு, ஊசியில நூலைக் கோத்துக்கிட்டு இருந்தா. வெர்னெல் கையுறையை மாட்டி, விரலை மடக்கி மடக்கிப் பார்த்தா. கெஸியா வாயைப் பொத்திக்கிட்டு அழுதா.

அம்மாவுக்கும் ஆடி தெரிஞ்சுது. ரொம்ப நேரம் உத்துப் பார்த்தாங்க.

"அவுக ரெண்டு பேரும்... ஒங்களை மாதிரியா?"

"ஆமாம்மா. முன்னாடி நிக்கிறவ மின்கம்பம் ஏறுறவ, உக்காந்திருக்கறவ அவளுக்குக் கையுறை தைக்கிறவ."

"அந்தக் கம்பம் ஏறுறவளுக்கு அம்மை இருந்திருப்பால்லா. அவ எங்க?"

நான் அதை யோசிச்சதே இல்ல. தினமும் "நீ இருந்தே"ன்னு சொல்லியும் ஒரு நாள்கூடக் கேட்டதில்ல. பதிவுலயும் எதுவும் இல்ல.

வெர்னெல் ஆடியோட விளிம்புக்கு வந்தா. என்னைப் பார்க்கல, போனைப் பார்த்தா. எங்க அம்மா குரல்லயே எங்க அம்மாகிட்ட சொன்னா: "நான் ஒபீலியாவைக் கூட்டிட்டு எங்கம்மா வீட்டு வாசலுக்குப் போனேன். உள்ள விளக்கு எரிஞ்சுது. கதவுக்கு அந்தப் பக்கம் அவ நிக்கிற சத்தம் கேட்டுச்சு. தொறக்கல."

தன் குரலைத் தானே கேட்ட அம்மாவோட முகம் வெளுத்துப் போச்சு. உதடு லேசா அசைஞ்சுது. கட்டடம் முழுக்க முணுமுணுப்பு அடங்கிருச்சு.

அம்மா போனை வைக்கல. மூச்சு மட்டும் கேட்டுச்சு. கெஸியா வந்து என் பக்கத்துல, அம்மாவுக்குத் தெரியுற மாதிரி நின்னா.