குடைக் குழுவைக் கொன்றது யார்?

போன் அலறியது.

பேக்கப் எடுக்கவில்லை. வாய் நிறைய பிஸ்கட்.

மறுபடியும் அலறியது...

அவனுடைய நிஜப் பெயர் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையில் மட்டும்தான் இருக்கிறது. அந்தக் குடைக் கம்பெனியில் எல்லோருக்கும் அவன் பேக்கப்தான். கம்பெனியின் கடிதங்கள், வரைபடங்கள், அரட்டைகள் எல்லாம் இணையத்தில், க்ளவுட் என்கிற கண்ணுக்குத் தெரியாத கிடங்கில் இருக்கின்றன. அதற்கு தினமும் ஒரு நகல் எடுத்துப் பத்திரப்படுத்துவது அவன் வேலை. ஏதாவது தொலைந்தால் எல்லோருக்கும் அவன் ஞாபகம் வரும். தொலையாத நாட்களில் அவனுக்கு வணக்கம் சொல்லக்கூட ஆள் கிடையாது.

மூன்றாவது முறை எடுத்தான்.

"கொன்னுட்டாங்க..."

மனைவியின் குரல்!

அவளும் அதே கம்பெனிதான். இரண்டு மாடி மேலே. டிசைனர்.

பிஸ்கட் தொண்டையில் நின்றது.

"யா... யாரை?"

"குடைக் குழுவை."

"ஐயய்யோ... எத்தனை பேரு?"

"ஆளுங்களை இல்லைங்க. கம்ப்யூட்டர்ல நாங்க வச்சிருந்தோமே, அந்தக் குழு. மொத்தமா காணோம். மேல வாங்க."

லிப்டுக்குக் காத்திருக்கவில்லை. படிகளில் பாய்ந்தான். பாதியில் மூச்சு வாங்கியது... பிஸ்கட்டைக் குறை சொன்னான்.

மனைவி திரையின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். முகத்தில் ஈயாடவில்லை.

இருக்காதா பின்னே? இரண்டு வருடமாக அவள் ஒரே ஒரு குடையை வரைந்துகொண்டிருக்கிறாள். எந்தக் காற்றடித்தாலும் மேல்நோக்கி மடங்காத குடை. முந்நூற்று நாற்பது வரைபடங்கள், சோதனை வீடியோக்கள், அளவுகள்... அத்தனையும் அந்தக் குழுவுக்குள்தான். மதியம் மூன்று மணிக்குப் பெரிய வாடிக்கையாளர் வருகிறார். குடை அவருக்குப் பிடித்துவிட்டால், டிசைன் பிரிவின் தலைமை நாற்காலி அவளுக்கு. இரண்டு வருடமாக அந்த நாற்காலியைக் கனவில் துடைத்துத் துடைத்து வைத்திருந்தாள்.

"உங்கப்பாவுக்குத் தெரியுமா?"

"பின்னாடி நிக்கறாரு."

திரும்பினான்.

பெரியவர்! கம்பெனி முதலாளி. இவளுக்கு அப்பா. இவனுக்கு மாமனார். தலையில் முடி இல்லாத குறையை மீசையில் ஈடுகட்டியவர்.

"காலையிலதானே சொன்னேன்?" என்றார் மகளிடம். "என்னையும் வாடிக்கையாளரையும் அந்தக் குழுவுல சேர்த்துடு, உள்ளயே போய் எல்லாத்தையும் பாத்துக்கறோம்னு. சேர்க்கறதுக்குள்ள குழுவே இல்லைன்னா என்ன அர்த்தம்?"

"அப்பா, நான்..."

"மூணு மணிக்குக் குடை திரையில விரியணும். விரியலைன்னா அந்த நாற்காலிக்கு வெளிய ஆள் பாத்துக்குவேன். மகளாச்சேன்னு பாக்க மாட்டேன்."

மருமகனைப் பார்த்தார்.

"இந்தாப்பா, நீ ஏதாவது செய்வியா, இல்ல நின்னுட்டே இருப்பியா?"

பேக்கப் நிமிர்ந்தான். வாழ்க்கையில் முதல் முறையாக மாமனார் அவனை ஒரு வேலைக்கு நம்புகிறார்... அப்படித்தான் அவன் எடுத்துக்கொண்டான். பாவம்.

"செய்யறேன் மாமா. யார் பண்ணாங்கன்னும் கண்டுபிடிக்கறேன்."

"அதெல்லாம் எதுக்குங்க?" என்றாள் மனைவி அவசரமாக.

பிரேதப் பரிசோதனை ஆரம்பமானது.

"இதைப் பாரு. தெரியாம டெலிட் ஆயிருந்தா குழு குப்பைத் தொட்டியில முப்பது நாள் கிடக்கும். எடுத்துத் தூசி தட்டி வச்சுடலாம். இது தொட்டியில இல்ல. தொட்டிக்குள்ள கையை விட்டு அங்கேயும் அழிச்சிருக்காங்க."

"அப்படின்னா?"

"தவறிப்போய் நடந்தது இல்ல. வேணும்னே பண்ண கொலை!"

மனைவி நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் நகர்த்திக்கொண்டாள்.

பதிவேட்டைத் திறந்தான். யார் எப்போது எதைத் தொட்டாலும் அதில் ஏறிவிடும்.

காலை 10:52. குழு அழிக்கப்பட்டது. 10:53. தொட்டி காலி செய்யப்பட்டது.

அழித்த கணக்கு...

காற்று அக்கா!

காற்று அக்கா என்றால் சோதனை அறைப் பொறுப்பாளர். காற்றோடு தண்ணீரும் அடிக்கும் ஆளுயர விசிறியின் முன்னால் குடையைப் பிடித்துக்கொண்டு நிற்பது அவள் உத்தியோகம். இருபது வருடமாக நிற்கிறாள். காற்றில்லாத இடத்தில்கூடக் கொஞ்சம் சாய்ந்துதான் நடப்பாள்.

சோதனை அறைக் கதவை உதைத்துத் திறந்தான். திறந்துதான் இருந்தது. உள்ளே போய் விழுந்தான்.

அக்கா விசிறியை நிறுத்தினாள்.

"பாத்து வா தம்பி. அடிபட்டுச்சா?"

"பத்து ஐம்பத்திரண்டுக்கு எங்க இருந்தீங்க அக்கா?"

"இங்கதான். இந்த விசிறி முன்னாடி. வீடியோ ஓடிட்டு இருந்துச்சு. வேணும்னா போட்டுப் பாரு."

போட்டுப் பார்த்தான். அக்கா... குடை... காற்று. பத்து நாற்பதிலிருந்து பதினொன்று வரை நகரவே இல்லை. கண்ணைக்கூட இரண்டு முறைதான் திறந்தாள்.

"அப்ப உங்க கம்ப்யூட்டரைத் தொட்டது யாரு?"

"அது எப்பவும் தொறந்துதான் கிடக்கும். ரெண்டு கையிலயும் ஈரக் கையுறை. இதைக் கழட்டி, பாஸ்வேர்டு அடிச்சு, மறுபடி மாட்டி... நடக்கிற காரியமா? வரவங்க போறவங்க எல்லாம் அதுலதான் பாக்கறாங்க."

"யார் யார் வந்தாங்க?"

"காத்துல கண்ணைத் தொறக்கவே முடியாது. வந்தவங்களை எங்க பாக்கறது?"

போச்சு!

கிளம்பினான். அக்கா பின்னாலேயே வந்தாள்.

"தம்பி... குழுவைத் திரும்பக் கொண்டு வந்துடுவியா?"

"கண்டிப்பா. நேத்து எடுத்த நகல் பத்திரமா இருக்கு."

"வரைபடம் எல்லாம் வந்துடும்?"

"வந்துடும்."

"நாங்க பேசிக்கிட்ட அரட்டை?"

"அதுவும்தான்."

அக்காவின் முகம் பேயறைந்தது போலானது.

"அது எதுக்குப்பா? அரட்டையில என்ன இருக்கப்போகுது... சாப்டியா, தூங்கினியான்னு. வரைபடத்தை மட்டும் எடு. உனக்குப் புண்ணியமாப் போகும்."

பேக்கப்பின் மூளையில் ஒரு விளக்கு எரிந்தது. எரியாமல் இருந்திருந்தால் எல்லோருக்கும் நல்லதாக இருந்திருக்கும்.

அரட்டையில்தான் ஏதோ இருக்கிறது. கொலைக்கான காரணம் அங்கேதான்!

மனைவியிடம் ஓடினான். சொன்னான். அவள் கேட்டுவிட்டு நகத்தைக் கடித்தாள்.

"மணி ஒண்ணேகால் ஆச்சு. பைல் மட்டும் போதும்ங்க. அரட்டையெல்லாம் வேணாம்."

"நீயுமா? உன்னோட ரெண்டு வருஷ உழைப்பு. அதை அரைகுறையா எடுத்துக் குடுத்தா நான் என்ன புருஷன்?"

"அரைகுறையாவே குடுங்க. பரவாயில்ல."

"உனக்குப் பெரிய மனசு. ஆனா நான் விடமாட்டேன்."

மீட்பு மென்பொருள் ஒரு கேள்வி கேட்டது. பைல்கள் மட்டுமா? குழு முழுவதுமா?

முழுவதும் என்பதை அழுத்தினான். வீரமாக.

அந்த மென்பொருளுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. கையேட்டில் நூற்றுப் பதினான்காம் பக்கத்தில் தெளிவாகப் போட்டிருக்கிறார்கள். பேக்கப் நூற்றுப் பத்தாம் பக்கத்தில் தூங்கிப்போனவன்.

பத்து சதவீதம்... இருபத்தைந்து...

இரண்டு மணிக்கு வாடிக்கையாளர் வந்துவிட்டார். சீக்கிரம் வருகிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. நடுத்தர வயதுப் பெண்மணி. பெரியவர் அவரைக் கூட்ட அறையில் உட்கார வைத்து, கம்பெனியின் பழைய குடைகளை ஒவ்வொன்றாக விரித்துக் காட்டி நேரத்தைக் கடத்தினார்.

நாற்பது... அறுபது...

2:41.

முந்நூற்று நாற்பது வரைபடங்களும் வரிசையாக வந்து நின்றன!

மனைவிக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அவன் கையை இறுக்கிப் பிடித்தாள். உண்மையாகவே அந்த நிமிடம் அவன்மேல் அவளுக்கு அவ்வளவு பாசம் பொங்கியது.

"நல்லா இருப்பீங்க. என் நாற்காலியைக் காப்பாத்திட்டீங்க."

"இதென்ன பிரமாதம்? உங்கப்பாவையும் அந்த மேடத்தையும் குழுவுல சேர்த்தும் விட்டுட்டேன். அவங்க போன்லயே எல்லாம் தெரியும்."

பிடித்த கை விட்டுப்போனது.

"எப்ப?"

"இப்பதான்."

"அரட்டை வந்துடுச்சா?"

"அது கடைசியாத்தான் வரும். இதோ, ஆரம்பிச்சுடுச்சு."

எதிரே கண்ணாடிக் கூட்ட அறை. உள்ளே மேசைமேல் இரண்டு போன்கள்.

டிங்.

டிங் டிங்.

டிங் டிங் டிங் டிங்...

"நிறுத்துங்க!"

"இப்ப நிறுத்தினா வந்த பைலும் போயிடும். எதுக்கு இப்படிக் கத்தற?"

மனைவி நாற்காலியில் தொப்பென்று விழுந்தாள்.

"கொன்னது நான்தாங்க."

"எதை?"

"குழுவை. உள்ள எங்களுக்குன்னு ஒரு தனி அரட்டை இருக்கு. மழைச் செய்தின்னு பேரு. அப்பா எந்த மாடியில இருக்காரு, எவ்வளவு கோவத்துல இருக்காருன்னு அதுல போட்டுக்குவோம். எல்லாரும் கிண்டல் பண்ணுவோம். நான்தான் நிறைய. அப்பா குழுவுல சேரணும்னதும் பயந்துட்டேன். என் பேர்ல அழிச்சா தெரிஞ்சுடுமேன்னு அக்கா கம்ப்யூட்டர்ல போய் அந்த அரட்டையை மட்டும் டெலிட் பண்ணேன். தொட்டியிலயும் அழிச்சேன். வெளிய வந்து பாத்தா... அவசரத்துல தப்பா அழுத்தி, குழுவே போயிருந்துச்சு."

"இதை ஏன் என்கிட்ட சொல்லல?"

"அப்பா ஒரு முறை முறைச்சா, நீங்க நாலு வயசுல எறும்பை மிதிச்சதையும் ஒத்துக்குவீங்க."

திரையைப் பார்த்தான். அடுத்த இடி அங்கே இருந்தது.

செய்திகள் வந்துகொண்டே இருந்தன. ஒவ்வொன்றின் தலையிலும் எழுதியவரின் பெயர்... எல்லாவற்றிலும் ஒரே பெயர். இன்றைய தேதி.

அவன் பெயர்!

அதுதான் நூற்றுப் பதினான்காம் பக்கம். யார் மீட்கிறாரோ, பழைய அரட்டை அத்தனையும் அவர் பெயரில்தான் வந்து விழும்.

கூட்ட அறைக் கதவு திறந்தது.

"இந்தாப்பா. உள்ள வா."

போனான். கால்கள் பின்னாலேயே வந்தன. மனைவி கதவருகில், அப்பாவின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டாள்.

பெரியவர் போனைப் பார்த்து வாசித்தார்.

"'மூன்றாம் மாடியில் இடியுடன் கூடிய பெரியவர். ஊழியர்கள் கழிவறையில் ஒதுங்கவும்.' நீ எழுதினதா?"

"மாமா, அது வந்து..."

"நானூத்திப் பன்னெண்டு செய்தி. பத்து நிமிஷத்துல எழுதியிருக்க. விரல் வலிக்கலையா?"

பேக்கப் கதவைப் பார்த்தான். மனைவி கைகூப்பினாள்.

"ஆமா மாமா. நான்தான்."

பெரியவர் எழுந்தார். மீசை துடித்தது. அவர் வாயைத் திறக்குமுன் வாடிக்கையாளர் குறுக்கிட்டார்.

"ஒரு நிமிஷம். இந்த இருநூத்தி எட்டாவது செய்தியும் உங்களோடதா? 'கைப்பிடி பெரியவரோட யோசனை. குடை பிடிக்கிற மாதிரி இல்ல, உலக்கை தூக்கற மாதிரி இருக்கு. உள்ள குடைஞ்சு பாதி எடையாக்கினா போதும். பூனைக்கு யாரு மணி கட்டறது?'"

"ஆ... ஆமா மேடம்."

"போன்ல வரைபடம் எல்லாம் பாத்தேன். குடை அருமை. கைப்பிடி ஒண்ணுக்காகத்தான் வேண்டாம்னு சொல்ல இருந்தேன். முதலாளி முகத்துக்கு நேரா இதைச் சொல்ற ஆள் எந்தக் கம்பெனியிலயும் கிடையாது." பேனாவைத் திறந்தார். "டிசைனுக்கு இவர் தலைமைன்னா, இப்பவே கையெழுத்துப் போடறேன்."



"மேடம், உண்மையில அதை எழுதினது..." என்று ஆரம்பித்தான் பேக்கப்.

"எழுதினது?" பெரியவர் திரும்பினார். "'பெரியவர் தலையில வெயில் பட்டா எதிர்க் கட்டடத்துல கண்ணு கூசுது.' இதை எழுதின ஆளும் அதே ஆள்தானே?"

கதவருகில் மனைவி தலையை ஆட்டினாள். கழுத்து சுளுக்கும் அளவுக்கு... வேண்டாம் வேண்டாம் என்று.

"நான்தான் மாமா. எல்லாமே நான்தான்."

பெரியவர் நீளமாக ஒரு பெருமூச்சு விட்டார். கையெழுத்தாகப் போகும் காகிதத்தைப் பார்த்தார். தலையைத் தடவினார்.

"தலை விஷயத்தைத் தனியாப் பேசிக்கலாம். நாற்காலியில உக்காருங்க, மாப்பிள்ளை."

கல்யாணமாகி ஆறு வருடத்தில் முதல் மாப்பிள்ளை!

நடைபாதையில் மனைவி அவனைப் பிடித்துக்கொண்டாள்.

"வரைஞ்சது நான். அந்தக் கைப்பிடி விஷயத்தை எழுதினதும் நான். நாற்காலி உங்களுக்கு."

அவனுக்கு நிஜமாகவே வருத்தமாக இருந்தது.

"இப்பவே உள்ள போய் உண்மையைச் சொல்லிடறேன். இருநூத்தி எட்டு உன்னுதுன்னு."

"மிச்சம் நானூத்திப் பதினொண்ணு?"

"அதையும் சேர்த்துத்தான் சொல்லணும்."

யோசித்தாள். கண்ணாடி வழியே அப்பா ஒவ்வொரு செய்தியாக இன்னும் படித்துக்கொண்டிருந்தது தெரிந்தது.

"வேணாம். நீங்களே தலைவரா இருங்க. ஆனா ஒண்ணு... இனிமே வீட்டுல நான் எந்தத் தப்பு பண்ணாலும் அது உங்க பேர்லதான் வரும்."

"இவ்வளவு நாளா மட்டும் யாரு பேர்ல வந்துட்டு இருந்துச்சாம்?" என்றார் டிசைன் தலைவர்.